நோவுக்கும் ஒரு டொக்டர் இருக்கிறார்

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். எத்தனையாவது ஸ்டேஜாம்? ஒபரேஷன் செய்யலாமாமோ? இந்தியாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன? சாப்பாடு இறங்குதோ? ஹோர்லிக்ஸ் போத்தலையும் தோடம்பழப் பையையும் மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். பெரியப்பாவுக்கு இந்த வருத்தம் வந்தபோது கொழும்பில் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்துபோனவர்களும் இதையேதான் கேட்டார்கள். எல்லாரும் அன்பானவர்கள்தான். ஆனால் "இரவில படுக்க முடியுதோ?" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

அவரால் படுக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு தலையணையைப் போட்டு, கதிரையில் இருந்தபடியே அதன்மேல் கவிழ்ந்து கிடப்பார். மல்லாக்கப் படுத்தால் மேல்வயிற்றில் தொடங்கும் நோ நேரே முதுகுக்குப் போகும். முன்னுக்குக் குனிந்தால் கொஞ்சம் அடங்கும். இது அவருடைய உடம்புக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. கணையம், அதாவது பள்ளிக்கூடத்தில் சதையி என்று படித்தோமே அது, இரைப்பைக்குப் பின்னால், முள்ளந்தண்டுக்கு முன்னால், குறுக்காகக் கிடக்கிற உறுப்பு. அதில் வருகிற நோ முதுகில் தெரிவதும், குனிந்தால் குறைவதும் மருத்துவப் புத்தகங்களில் எழுதியிருக்கிற விஷயம். எங்களுக்குத்தான் அது தெரியாது. வருத்தம் இன்னதென்று பிடிபடும்வரை வீட்டில் அதற்குப் பெயர் காஸ்ட்ரைட்டிஸ். பெரியம்மா வயிற்றுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார், முதுகுக்குச் சித்தாலேப பூசினார்.

இந்தப் புற்றுநோய்க்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. அது நரம்புகளைத் தேடிப் போகும். நரம்பைச் சுற்றியிருக்கிற உறைக்குள் புகுந்து, அதன் வழியாகவே ஊர்ந்து பரவும். மற்றப் புற்றுநோய்களிலும் இது உண்டு, ஆனால் கணையத்தில் மிக அதிகம். கட்டி சின்னதாக இருக்கும்போதே நோ பெரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகவே "கட்டி இவ்வளவுதானே, ஏன் இப்படி முனகுகிறார்?" என்று யாராவது கேட்டால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பெரியப்பா முனகுகிற ஆளே இல்லை, அது வேறு பிரச்சினை. புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வாழ்நாள் முழுக்கக் கணக்கெழுதியவர். கிளினிக்கில் தாதி வந்து, "அங்கிள், ரிதெனவாத?" என்று, அதாவது நோகுதா என்று, சிங்களத்தில் கேட்பார். இவர் சிரித்துக்கொண்டே, "டிகக், மிஸ்", கொஞ்சம்தான், என்பார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டால், மூன்று என்பார். அந்த மூன்று கிளினிக் கொப்பியில் ஏறும். டொக்டர் அதைப் பார்த்து, நோ பரவாயில்லை என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போவார். கடைக் கணக்கில் ஒரு சதம் பிசகாத மனுஷன், நோவில் மட்டும் பொய்க்கணக்கு எழுதினார். ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "நோ கூட எண்டு சொன்னா கீமோவை நிப்பாட்டிப் போடுவாங்கள் பிள்ளை" என்றார். இந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை. கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த பலரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சரி, மோர்பின். உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவுக்கான படிமுறையை 1986-இல் வெளியிட்டது. முதலில் பனடோல் மாதிரியான சாதாரண மருந்து, பிறகு அடுத்த படி, கடைசியில் மோர்பின். வாயால், கடிகாரத்தைப் பார்த்து, நோ வரும்வரை காத்திராமல். நல்ல திட்டம். எத்தனையோ இலட்சம் பேரின் கடைசிக் காலத்தைத் தாங்கக்கூடியதாக்கிய திட்டம். எங்கள் ஆட்களுக்கு மோர்பின் என்றாலே ஒரு நடுக்கம். "அது தொடங்கினா முடிஞ்சுது" என்று எங்கள் மாமி ஒருவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். நோவுக்காக டொக்டர் எழுதியபடி எடுக்கிற மோர்பின் ஆளைக் கொல்வதில்லை. நோவோடு விட்டுவிடுவதுதான் கொடுமை. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

ஆனாலும் மோர்பினுக்கு விலை உண்டு. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குளிசை. அளவு ஏற ஏற மலச்சிக்கல், ஓங்காளம், எந்நேரமும் தூக்கக் கலக்கம். கனடாவில் ஸ்காபரோவிலிருந்து அண்ணா வாட்ஸ்அப்பில் எடுத்தால், பெரியப்பா பாதி வசனத்தில் கண்ணை மூடிவிடுவார். மலச்சிக்கல் என்றால் கேட்கிறவர்களுக்குச் சின்ன விஷயம். அனுபவிக்கிறவருக்கு அது ஒரு முழுநாள் வேலை.

அந்த நாட்களில்தான் ஒரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், வேறு வழி ஏதும் இல்லையா என்று கேட்டேன். "நரம்புக்கு அடிக்கிற ஊசி ஒண்டு இருக்கு. அதெல்லாம் கடைசியில பாப்பம்" என்று பதில் வந்தது. கோப்பு மூடப்பட்டது, அடுத்த இலக்கம் கூப்பிடப்பட்டது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் 'கடைசியில' தான். ஏனென்றால், பிறகு வாசித்தும் கேட்டும் அறிந்தவரை, அந்த ஊசியைக் கடைசிக்கு வைப்பதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை. முன்னுக்கே செய்வதற்குத்தான் காரணங்கள் இருக்கின்றன.

தாதியாக வேலை செய்யும் என் மச்சாள்தான் வழி சொன்னாள். "புற்றுநோய் டொக்டரிட்ட நோவுக்கு மருந்து கேட்டா அவர் மோர்பின்தான் எழுதுவார். நோவுக்கு வேற டொக்டர் இருக்கினம். ஒபரேஷனுக்கு மயக்க மருந்து குடுக்கிறவைதான். அவைக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேள்." இவ்வளவுதான். அந்தக் கடிதத்தை வாங்குவதற்கு யாரோடும் சண்டை பிடிக்கத் தேவைப்படவில்லை, கேட்கத்தான் வேண்டியிருந்தது. கேட்கவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அதுதான் சங்கடம்.

அந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். கொஞ்சம் தமிழ் விளங்கும். அவர் பெரியப்பாவிடம் எண் கேட்கவில்லை. "இரவு எப்படிப் படுக்கிறீங்க, காட்டுங்க" என்றார். பெரியப்பா கொஞ்சம் தயங்கி, அவருடைய மேசையிலேயே குனிந்து, கையை மடித்துத் தலையை வைத்துக் காட்டினார். டொக்டர் ஒன்றும் பேசாமல் எழுதத் தொடங்கினார். மூன்று என்று சொன்ன வாய்க்கு அதற்குப் பிறகு வேலை இருக்கவில்லை.

பிறகு ஒரு பழைய ஈசிஜி தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனையால் கீறினார். முள்ளந்தண்டு, அதற்கு முன்னால் நெஞ்சிலிருந்து இறங்கி வருகிற பெருநாடி, அதிலிருந்து வயிற்றுக்குப் பிரிகிற முதல் பெரிய கிளை. அந்தக் கிளை தொடங்கும் இடத்தில், பெருநாடியின் முன்பக்கத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி கொஞ்சம் கோடு. அதுதான் சீலியாக் நரம்புப் பின்னல். கடைசி விலா எலும்பின் மட்டத்தில், கடைசி மார்பு முள்ளெலும்புக்கும் முதல் இடுப்பு முள்ளெலும்புக்கும் நேரே இருக்கிறது. கணையம், ஈரல், பித்தப்பை, இரைப்பை, மண்ணீரல், சிறுகுடல், பெருங்குடலின் ஒரு பகுதி என்று மேல்வயிற்று உறுப்புகளிலிருந்து நோவைக் கொண்டுபோகும் நரம்புகள் எல்லாம் இந்த இடத்தைத் தாண்டித்தான் முள்ளந்தண்டுக்குப் போகின்றன. பொரளைச் சந்தியை மறித்தால் எத்தனை வீதி நின்றுபோகுமோ, அந்த மாதிரி. அந்தப் பின்னலில் மதுசாரத்தை ஊற்றினால் நரம்பிழைகள் பட்டுப்போகும். செய்தி மூளைக்குப் போகாது. கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் கூச்சல் மட்டும் கேட்காது. இப்படி மறிப்பதைத்தான் சீலியாக் புளொக் என்கிறார்கள்.

"மதுசாரம் எண்டா... சாராயமோ?" என்று பெரியப்பா கேட்டார். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் மிகச் சுத்தமானது, 50 வீதத்துக்கு மேல் என்றார் டொக்டர். பெரியப்பா என்னைப் பார்த்தார். "இவ்வளவு காலம் வாயில வைக்காததை முதுகால ஏத்தப் போறாங்கள்." அந்த வாரத்தில் அவர் முதல்தரம் பகிடி விட்டது அப்போதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மக்ஸ் காப்பிஸ் என்கிற ஜெர்மானிய அறுவைச் சிகிச்சை மருத்துவர், முதுகுப் பக்கமாக ஊசியை விட்டு வயிற்று நரம்புகளை மரக்கச் செய்யும் முறையை 1914-இல் எழுதிவிட்டார். அப்போது அது ஒபரேஷனுக்காக. இந்த நரம்புகளை மதுசாரத்தால் மாதக்கணக்கில் மழுங்கடிப்பது 1950களில் வந்தது. அந்தக் காலத்தில் எலும்பைத் தடவிப் பார்த்து, கணக்குப் போட்டுத்தான் ஊசியை விட்டார்கள். இப்போது எக்ஸ்ரே படம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது சிடி ஸ்கான். ஊசி நுனி எங்கே நிற்கிறதென்று கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம்.

பெரியப்பாவுக்கு ஊசி உடனே நடக்கவில்லை. இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோகிரெல் எடுத்துக்கொண்டிருந்தார். ஊசி போகிற வழியில் பெருநாடி இருக்கிறது, இரத்தம் கசிந்தால் ஆபத்து. ஆகவே இருதய டொக்டரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு அந்தக் குளிசையைச் சில நாட்கள் நிறுத்தவேண்டியிருந்தது. இதை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைபடலாம். இரத்தத் தட்டுகள், அதாவது இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட், குறைவாக உள்ளவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் கிருமித் தொற்று உள்ளவர்களுக்கும், குடல் அடைத்திருப்பவர்களுக்கும் பொதுவாக இதைச் செய்யமாட்டார்கள். கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டுகள் இறங்கிவிடுவது சாதாரணம். முன்னுக்கே கேட்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம்: கேட்ட அன்றே செய்துவிட முடியாது.

ஊசி போட்ட அன்று நான் வெளியே வாங்கில்தான் இருந்தேன். உள்ளே நடந்ததை டொக்டர் முன்கூட்டிச் சொன்னதும், பெரியப்பா பிறகு சொன்னதும் சேர்த்து எழுதுகிறேன். வெறும் வயிறு. கையில் ஊசி குத்தி முதலில் சேலைன் ஏற்றினார்கள், ஏனென்று பிறகு சொல்கிறேன். குப்புறப் படுக்கவேண்டும், வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. படுக்கவே முடியாத ஆளுக்கு இதுதான் பெரிய சோதனை. அவருக்கு நோ மருந்தும் கொஞ்சம் அரைத்தூக்க மருந்தும் கொடுத்தார்கள். பிறகு முதுகுத் தோலை மரக்கச் செய்து, முள்ளந்தண்டின் இரண்டு பக்கத்தாலும் கடைசி விலாவுக்குக் கீழே ஊசியை நுழைப்பார்கள். 15 சென்ரிமீற்றர் நீளமான மெல்லிய ஊசி. முள்ளெலும்பின் உடலை உரசிக்கொண்டு அதன் முன்பக்கத்துக்குப் போகும். இடம் சரிதானா என்று பார்க்க எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு சாயத்தை விடுவார்கள். அது சரியான இடத்தில் பரவினால், மரக்கிற மருந்து. கால் அசைகிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரியென்றால் மட்டும் மதுசாரம். மரக்கிற மருந்து முதலில் போவதற்கு இன்னொரு காரணம், மதுசாரம் பட்டதும் எரியும். "முதுகுக்குள்ள ஒரு நிமிசம் பத்தி எரிஞ்சுது. பிறகு ஒண்டுமில்லை" என்றார் பெரியப்பா. அந்த 'ஒண்டுமில்லை'யை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த முறை அது பொய்க்கணக்கு இல்லை.

சேலைன் விஷயம். இந்தப் பின்னலில் நோ நரம்புகள் மட்டும் இல்லை, வயிற்று இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கிற நரம்புகளும் இருக்கின்றன. அவையும் சேர்ந்து மழுங்குவதால் குழாய்கள் விரிந்து, பிரஷர் இறங்கும். படுத்திருக்கும்போது தெரியாது, எழும்பினால் தலை சுற்றும். முன்கூட்டியே சேலைன் ஏற்றுவது அதற்காகத்தான். அன்று பின்னேரம் அவரைக் கட்டிலில் இருத்தி, காலைத் தொங்கவிட்டு, பிறகுதான் எழுப்பினோம். எழும்பியதும் முகம் வெளிறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். திரும்ப இருத்தி, கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எழுப்பச் சொன்னார்கள். ஓரிரு நாளில் அது சரியாகிவிட்டது.

அடுத்தது வயிற்றோட்டம். குடலை அடக்கி வைத்திருக்கிற நரம்புகள் ஓய்ந்துபோக, ஓட வைக்கிற நரம்புகளுக்குக் கை ஓங்கிவிடும். பலருக்கு இது தொல்லை. பெரியப்பாவுக்கோ, மோர்பினால் வாரக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வயிறு திறந்தது பெரிய கொண்டாட்டம். தொலைபேசியில் யார் நலம் விசாரித்தாலும் அதைத்தான் முதலில் சொன்னார். பெரியம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

டொக்டர் அன்றே மோர்பின் அளவைக் குறைத்து எழுதினார். எனக்கு இது புதிதாக இருந்தது. நோ இருக்கும்போது உடம்பு தாங்குகிற மோர்பின், நோ போனபிறகு கூடிப்போகும். ஆள் தூங்கிக்கொண்டே இருப்பார், மூச்சும் மெதுவாகலாம். அதற்காக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, உடம்பு பழகியிருக்கும். படிப்படியாகத்தான். வீட்டுக்குப் போனபின் யார் எந்த நேரம் எவ்வளவு கொடுப்பது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்த இரவு அவர் கட்டிலில் படுத்தார். பெரியம்மாவுக்கு நித்திரை வரவில்லை. நடுச்சாமத்தில் எழும்பி, மூச்சு வருகிறதா என்று அவருடைய மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார். "உயிரோடதான் இருக்கிறன். பேசாமல் படு" என்றாராம்.

இனி, ஆபத்துகளை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. ஊசி குத்திய இடத்தில் நோ, பிரஷர் இறங்குதல், வயிற்றோட்டம் இவை மூன்றும் அடிக்கடி வருபவை, தற்காலிகமானவை. அரிதாக நுரையீரல் உறையில் காற்றுப் புகலாம், உள்ளே இரத்தம் கசியலாம், சிறுநீரகத்தில் ஊசி படலாம். மிக அரிதாக, முள்ளந்தண்டு வடத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி பாதிக்கப்பட்டுக் கால்கள் இயங்காமல் போயிருக்கின்றன. எங்கள் டொக்டர் இதைக் கையெழுத்து வாங்கும் முன் நேரே பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் யோசிக்கவேயில்லை. "இரவு முழுக்க மேசையில கிடக்கிறதை விடவோ?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பலன் எவ்வளவு என்று ஆராய்ச்சிகள் சொல்வதையும் பார்க்கலாம். 1995-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை வெளியான 24 கட்டுரைகளையும் அவற்றில் இருந்த 1145 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. முதல் இரண்டு வாரத்தில் 89 வீதமானவர்களுக்கு நல்ல நிவாரணம் கிடைத்ததாகவும், மூன்று மாதத்தில் உயிரோடு இருந்தவர்களில் ஏறக்குறைய 90 வீதமானவர்களுக்கு ஓரளவோ முழுதாகவோ நிவாரணம் தொடர்ந்ததாகவும் கண்டது. அந்தப் பழைய கட்டுரைகள் பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லை என்பதால், நான் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்கிறேன். 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 100 பேரில் கண்டிப்பாகச் செய்து பார்த்தார்கள். பாதிப்பேருக்கு உண்மையான புளொக், பாதிப்பேருக்குப் போலி ஊசியும் வழக்கமான மருந்தும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. புளொக் செய்தவர்களுக்கு நோ குறைவாக இருந்தது. ஆனால் மோர்பின் வகை மருந்துகள் எடுத்த அளவிலோ, வாழ்க்கைத் தரத்திலோ, உயிர் வாழ்ந்த காலத்திலோ வித்தியாசம் காணவில்லை.

இந்த இரண்டாவது ஆராய்ச்சியைக் காட்டி "பெரிதாக ஒன்றும் இல்லையே" என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயுளைக் கூட்டுகிறோம் என்று இந்த ஊசிக்காரர்கள் யாரும் சொல்லவில்லை. நோ குறையும் என்றார்கள், குறைந்தது. மருந்தை அடியோடு விட்டுவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள், அவ்வளவுதான். உண்மையில், 1993-இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவர்கள் செய்த ஆய்வில், ஏற்கனவே நோ இருந்தவர்களில் மதுசாரம் விடப்பட்டவர்கள் கூடக்காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. பிறகு வந்த மேயோ ஆய்வு அதை உறுதி செய்யவில்லை. ஆயுள் கணக்கை இதில் சேர்க்காமல் விடுவதுதான் நேர்மை. அந்த 1993 ஆய்வில் என்னைக் கவர்ந்தது வேறு. வயிற்றைத் திறந்து பார்த்து, கட்டியை எடுக்கமுடியாது என்று கண்டதும், அங்கேயே நரம்பில் மதுசாரமோ வெறும் உப்புநீரோ விட்டார்கள். மொத்தம் 137 பேர். அதுவரை நோவே இல்லாமல் இருந்தவர்களிலும், மதுசாரம் விட்டவர்களுக்குப் பிறகு நோ வருவது தள்ளிப்போயிற்று.

அதாவது, நோ வரமுன்னே மறித்தாலும் பலன் உண்டு. 2011-இல் கனடாவின் மொன்றியல் ஆய்வில் இருந்தவர்களுக்கு நோ ஏற்கனவே தொடங்கியிருந்தது, ஆனால் அதுவும் முன்னுக்கே செய்வதன் பக்கம்தான் நிற்கிறது. வருத்தம் இன்னதென்று கண்டுபிடிக்கிற அதே வேளையிலேயே 96 பேரில் பாதிப்பேருக்கு இந்தப் புளொக்கைச் செய்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுக்கு மற்றவர்களைவிட நோ குறைவு. அவர்கள் பயன்படுத்திய வழி முதுகால் இல்லை, வாயால். நுனியில் ஸ்கான் கருவி பொருத்திய எண்டோஸ்கோப்பை இரைப்பைக்குள் இறக்கினால், இரைப்பையின் பின்சுவருக்கு அப்பால் பெருநாடியும் அந்தப் பின்னலும் இருக்கும். இரத்தக் குழாய்களைத் திரையில் பார்த்துத் தவிர்த்துக்கொண்டு, இரைப்பைச் சுவர் ஊடாகவே ஊசியை விடுவார்கள். இந்த வழி 1996-இல் அறிமுகமானது. கட்டியிலிருந்து சதைத்துண்டு எடுப்பதும் இதே கருவியால்தான் என்பதால், வசதியுள்ள இடங்களில் இரண்டையும் ஒரே முறையில் முடிக்கலாம். குப்புறப் படுக்கவேண்டிய சித்திரவதையும் இல்லை.

பிந்தினால் ஏன் பலன் குறைகிறது என்பதும் விளங்கக்கூடியதுதான். கட்டி வளர்ந்து பெருநாடியின் கிளையைச் சுற்றி இறுகிவிட்டால், மதுசாரம் பரவ இடமில்லை. ஊற்றினாலும் நரம்புக்குப் போய்ச் சேராது. அதைவிட முக்கியம், வருத்தம் வயிற்றுச் சவ்வுக்கும் எலும்புக்கும் பரவிய பிறகு வருகிற நோ இந்தப் பின்னல் வழியாக வருவதே இல்லை. அது வேறு நரம்பு, வேறு பாதை. சந்தியை மறித்தாலும் ஒழுங்கையால் வந்துவிடும். 'கடைசியில' செய்து, பலன் கிடைக்காமல் போனால், "அந்த ஊசி சரிவராது" என்று ஊசியின் தலையில் பழி விழும்.

பெரியப்பாவுக்கும் அது நிரந்தரமாக இருக்கவில்லை. பட்டுப்போன நரம்பிழைகள் சில மாதங்களில் திரும்ப முளைக்கத் தொடங்கும். வருத்தமும் அதற்குள் சும்மா இருக்காது. வலது விலாவுக்குக் கீழே ஒரு புது நோ வந்தது, தோளிலும் இழுத்தது. ஈரல் வீங்கி அதன் உறை இழுபடுவதால் வருவது என்றார் டொக்டர். அதற்கு மோர்பினைத் திரும்பக் கூட்டி, வேறு மருந்தும் சேர்த்தார்கள். ஆனால் முதுகைத் துளைக்கிற அந்தப் பழைய நோ முன்னைய வேகத்தில் திரும்பி வரவேயில்லை. இடையில் கிடைத்த மாதங்களில் அவர் அண்ணாவோடு முழு வசனங்களில் கதைத்தார், பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு ஓட்டோவில் போய் வந்தார், கடைக்காரப் பழைய சிநேகிதர்களிடம் வரவேண்டிய ஒரு பழைய கடனைக்கூடத் தொலைபேசியிலேயே வாங்கி முடித்தார்.

இப்போது எங்கள் சொந்தத்தில், சொந்தத்தின் சொந்தத்தில் யாருக்காவது இந்த வருத்தம் என்றால் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். நான் டொக்டர் இல்லை என்று முதலில் சொல்லிவிடுவேன். பிறகு சொல்வது இதுதான். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் காட்டினாலும், தெல்லிப்பழையில் காட்டினாலும், தனியாரில் சனல் பண்ணிப் பார்த்தாலும், மோர்பின் தொடங்குகிற அன்றே, இன்னும் நல்லது அதற்கு முன்பே, சீலியாக் புளொக் செய்யலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நோவுக்கான கிளினிக்குக்குக் கடிதம் தரச் சொல்லுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். குடல் அடைப்பு, இரத்தத் தட்டு என்று நியாயமான காரணம் இருக்கலாம். காரணம் சொல்லாமல் 'கடைசியில' என்றால் இன்னொரு டொக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. எண் கேட்டால் எண்ணோடு நிற்காமல், எப்படிப் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழும்புகிறார், எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். ஆள் சொல்லாவிட்டால் கூடப் போகிறவர் சொல்லுங்கள், அவர் முறைத்தாலும் பரவாயில்லை.

எல்லாக் குளிசை மட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், இரத்தம் இளக்குகிற குளிசையைத் தனியாகக் காட்டுங்கள். ஊசி போட்டு வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாளும் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும். இரவில் தனியே எழும்பிக் கக்கூசுக்குப் போகவிட வேண்டாம், விழுவது அப்போதுதான். ஆம்பிளைகள் என்றால் காற்சட்டை வேண்டாம், சாரத்தோடு போங்கள். முதுகில் பிளாஸ்டர், வயிற்றோட்டம், தலைச்சுற்று எல்லாவற்றுக்கும் அதுதான் வசதி.